வீட்டுப் போக்கருக்குச் சொந்தமாக சிப் செட் வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில் தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகளில் வீட்டில் கூடி, பணம் வைக்காமல் புள்ளிக்காக டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடும் குழுக்களுக்காக எழுதியது. சிப் என்பது பந்தயம் வைக்கப் பயன்படும், மதிப்பு எழுதிய வட்ட வில்லை. கடையில் கிடைக்கும் அலுமினியப் பெட்டி செட்டை விட்டுவிட்டு, தங்கள் பெயரும் வடிவமும் பதித்த சிப்புகளைத் தொழிற்சாலையில் செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை.

மொத்தம் எத்தனை சிப் வாங்க வேண்டும்?

படம் வரையும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு இது. பலர் முகப்பு வடிவத்தில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, எண்ணிக்கையை "ஐந்நூறு போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு மதிப்பு பெட்டியிலேயே தூங்கும், இன்னொன்று ஆட்டத்தின் நடுவில் தீர்ந்துபோகும்.

பத்துப் பேர், ஆளுக்கு 10,000 புள்ளி, முதல் சுற்று பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயம் வைக்கும் பந்தயம், ஆட்டம் போகப் போக உயரும்) 25/50 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 25 மதிப்பில் 12, 100 மதிப்பில் 12, 500 மதிப்பில் 5, 1000 மதிப்பில் 6 கொடுங்கள். 300 + 1,200 + 2,500 + 6,000 சேர்ந்தால் 10,000 வந்துவிடும். ஆளுக்கு 35 சிப். முன்னால் அடுக்கி விளையாடத் தாராளமாக இருக்கும், எண்ணுவதற்கும் சிரமம் இல்லை.

பத்துப் பேருக்கு இது முறையே 120, 120, 50, 60. ஆனால் கணக்கு இத்தோடு முடியாது. பிளைண்ட் 100/200 ஆனதும் 25 சிப்புக்கு வேலை இல்லை. 500/1000-ஐத் தாண்டியதும் 100 சிப்புக்கும் வேலை இல்லை. இரண்டையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு ஈடாகப் பெரிய சிப் தர வேண்டும். 25-களின் மொத்த மதிப்பு 3,000, 100-களின் மொத்த மதிப்பு 12,000. ஆக 1000 மதிப்பில் இன்னும் 15 கையில் இருக்க வேண்டும். தோற்றவர்கள் மறுபடியும் நுழையலாம் என்ற விதி உங்கள் வீட்டில் இருந்தால் 5000 மதிப்பில் 20 செய்யுங்கள். நுழைவுக்கு இரண்டு வீதம் பத்து நுழைவுக்கு வரும். சில்லறையைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

இனி தட்டுக் கணக்கு. சிப்பை அடுக்கி வைக்கும் அக்ரிலிக் தட்டு ஒன்றில் வரிசைக்கு 20 வீதம் ஐந்து வரிசை, மொத்தம் 100 சிப் நிற்கும். எனவே ஒவ்வொரு மதிப்பையும் 20-இன் மடங்காக ஆக்கினால், 25-இல் 120, 100-இல் 120, 500-இல் 60, 1000-இல் 80, 5000-இல் 20 என்று 400 சிப் நான்கு தட்டில் பிசிறில்லாமல் உட்கார்ந்துவிடும். 500-க்கும் 1000-க்கும் உதிரி இதிலேயே இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் ஐந்தைந்து கூடுதலாகச் சேர்த்து 415 ஆக ஆர்டர் செய்யுங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் கூடாத வீடு, மறு நுழைவும் கிடையாது என்றால் 25, 100, 500, 1000 மதிப்புகளில் முறையே 100, 100, 40, 60 என்று 300 சிப் போதும். உதிரியைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ரிங்கிட் நோட்டு மாதிரி 1, 5, 10, 20, 50, 100 என்று வைத்தால் பழக்கமாக இருக்குமே?

பழக்கமாக இருக்கும், ஆனால் மேசையில் தொல்லை. அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே நான்கு, ஐந்து மடங்கு இடைவெளி இருந்தால்தான் சிப் வகை குறையும், மாற்றுவதும் சுலபமாகும். 10-க்கும் 20-க்கும் தனித்தனி சிப் இருந்தால் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு கூட்டல் கூடுகிறது. 500-க்கும் 1000-க்கும் இடையே இரண்டு மடங்குதானே என்று கேட்கலாம். அந்த ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பது நல்லது. 500 இல்லாவிட்டால் நடு ஆட்டத்தில் 100 சிப்புகள் மலையாகக் குவிந்துவிடும்.

நோட்டின் நிறத்தையும் பின்பற்ற வேண்டாம். ஐந்து ரிங்கிட் பச்சை, ஐம்பது ரிங்கிட் பச்சை கலந்த நீலம். கையில் பிடித்துப் பார்க்கும் நோட்டுக்கு அது சரி, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் அடுக்குக்குச் சரிவராது.

எந்தப் பொருளில் செய்வது?

வீட்டு ஆட்டக்காரருக்கு உண்மையில் மூன்று வழிதான் உண்டு.

முதலாவது செராமிக் சிப். பெயர்தான் செராமிக், பொருள் கெட்டியான பிளாஸ்டிக் பிசின்தான். வெள்ளைச் சிப்பின் இரு முகத்திலும் ஓரத்திலும் வெப்பத்தால் சாயத்தை ஏற்றுவார்கள். முகம் முழுவதும் நீங்கள் வரைந்தது அப்படியே வரும். சாயம் பொருளுக்குள் இறங்கிவிடுவதால் உரியாது. சொந்த வடிவம்தான் நோக்கம் என்றால் இதையே எடுங்கள். சொரசொரப்பான முகம் உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வழவழப்பான வகை இருபதுக்கு மேல் அடுக்கினால் சறுக்கும்.

இரண்டாவது, நடுவில் பள்ளம் விட்டு, அதில் ஒட்டுத்தாள் பதிக்கும் பிளாஸ்டிக் சிப். விலை குறைவு, சிறிய எண்ணிக்கையிலும் செய்யலாம். நிறமும் ஓரப் பட்டையும் (ஓரத்தில் வேறு நிறத்தில் தெரியும் துண்டுகள்) வார்ப்பு அச்சில் உள்ளதுதான், நடு வட்டம் மட்டும் உங்களுடையது.

மூன்றாவது, களிமண் கலவையை அழுத்திச் செய்யும் சிப். கையில் எடுத்தால் தெரியும் உலர்ந்த பிடிப்பும், ஒன்றோடொன்று படும்போது வரும் மெல்லிய ஓசையும் வேறு எதிலும் வராது. பட்டைகளைத் தனித் துண்டாக வெட்டிப் பொருத்தி அழுத்துகிறார்கள். அதனால் பட்டை வடிவங்கள் அளவோடுதான் கிடைக்கும், விலை பல மடங்கு, காத்திருப்பும் நீளம். அமெரிக்கக் கேசினோக்களில் பெயர் பெற்ற பால்சன் வகை கேசினோக்களுக்காகவே செய்யப்படுகிறது, வீட்டு ஆர்டருக்கு வராது.

14 கிராம் சிப் என்றால் தரம் கூடுதலா?

இல்லை. கடைகளில் 11.5, 13.5, 14 கிராம் என்று எழுதியிருக்கும் பிளாஸ்டிக் சிப்புகளுக்குள் ஓர் உலோகத் தகடு இருக்கிறது, எடை அதிலிருந்து வருவது. கேசினோவில் புழங்கும் களிமண் சிப் ஏறக்குறைய 8.5 முதல் 10 கிராம்தான். செராமிக் 10 கிராம் அளவில் இருக்கும். 400 சிப் என்றால் அதுவே நான்கு கிலோ, தட்டும் பெட்டியும் தனி.

விட்டம் 39 மி.மீ., தடிமன் 3.3 மி.மீ. என்பதை மாற்றாதீர்கள். தட்டு, பெட்டி எல்லாம் இந்த அளவுக்குத்தான் கிடைக்கும். 43 மி.மீ. சிப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சாதாரணத் தட்டில் நுழையாது.

முகப்பில் எதை வரைவது என்று தொடங்கலாமா?

ஓரத்தில் தொடங்குங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் சிப் அடுக்காகத்தான் நிற்கிறது. அடுக்கின் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு முகம்தான் தெரியும், அதுவும் அதன் சொந்தக்காரருக்கு. எதிரே இருப்பவர் பார்ப்பது 66 மி.மீ. உயரத்துக்கு அடுக்கிய இருபது ஓரங்களை. அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமலே கணிப்பது போக்கரில் பாதி ஆட்டம். கறுப்பு அடுக்குக்குள் தவறி ஒரு பச்சை சிப் புகுந்தால் அதுவும் ஓரத்தில்தான் தெரிய வேண்டும்.

சிப்பின் சுற்றளவு 122.5 மி.மீ. இதில் பட்டைகளின் எண்ணிக்கையை மதிப்புக்கு மதிப்பு மாற்றுங்கள்: 25-க்கு மூன்று, 100-க்கு நான்கு, 500-க்கு ஆறு, 1000-க்கு எட்டு என்று ஏறிக்கொண்டே போகட்டும். நிறம் குழம்பினாலும் பட்டை காட்டிக்கொடுக்கும். முகத்தில் 20 பாகை அகலமுள்ள பட்டை ஓரத்துக்கு வரும்போது 6.8 மி.மீ. நீளம் இருக்கும். அதைவிடக் குறைந்தால் தூரத்தில் கோடாகத் தேய்ந்துவிடும்.

செராமிக்கில் அடிக்கடி நடக்கும் கோளாறு இங்கேதான். முகத்தை ஒரு முறையும் ஓரத்தை இன்னொரு முறையும் அச்சிடுகிறார்கள். முகத்துப் பட்டை முடியும் இடத்தில் ஓரப் பட்டை தொடங்காமல் இரண்டு மூன்று மி.மீ. நகர்ந்துபோகும். கணினித் திரையில் அழகாக ஓடும் பட்டை, கையில் வரும்போது உடைந்து தெரியும். இரண்டு தீர்வு உண்டு. முகத்தையும் ஓரத்தையும் பொருத்தி அச்சிடும் தொழிற்சாலையா என்று கேட்டு, அந்தச் சேவையை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது ஒன்று. இல்லையென்றால், முகத்தின் வெளி விளிம்பில் சுற்றிலும் ஒரே நிறத்தில் 1.5 மி.மீ. வளையம் விட்டு, முகத்துப் பட்டைகளை அந்த வளையத்துக்கு உள்ளேயே நிறுத்திவிடுங்கள். அப்போது இரண்டும் தொட்டுக்கொள்ளாது, நகர்ந்தாலும் கண்ணுக்குப் படாது. பெரும்பாலான வீட்டு செட்டுக்கு இரண்டாவது வழியே நிம்மதி.

நிறங்களை எப்படித் தேர்வது?

அமெரிக்கக் கேசினோ வழக்கில் 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா, 1000 பெரும்பாலும் மஞ்சள். ஆடிப் பழகியவர்களுக்கு இது மனத்தில் பதிந்திருப்பதால் அதையே வைத்துக்கொண்டு, 5000-க்குச் சிவப்பைச் சேர்த்தால் ஐந்தும் பளிச்சென்று பிரியும்.

வரவேற்பறையில் மஞ்சள் எல்இடி விளக்கு இருக்கும் வீடுகளில் கருநீலமும் கறுப்பும், ஊதாவும் பழுப்பும், ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும். நிறங்களைத் தாளில் அச்சிட்டு, நீங்கள் ஆடும் அதே அறையில், ஆடும் அதே நேரத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். அடுத்தடுத்த இரண்டு மதிப்பு ஒரே சாம்பல் நிறத்தில் வந்தால் ஒன்றை வெளிறச் செய்யுங்கள், மற்றதை ஆழமாக்குங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர் குழுவில் இருந்தால் இந்தச் சோதனை அவசியம்.

தங்க நிறம் வருமா?

செராமிக்கில் வராது. வெப்பச் சாய அச்சில் உலோக மினுமினுப்பு கிடையாது, தங்கம் என்று கொடுத்தால் கடுகு மஞ்சள்தான் கிடைக்கும். வெள்ளை மையும் இல்லை, சிப்பின் சொந்த வெள்ளையைத்தான் அச்சிடாமல் விட்டுவைக்கிறார்கள். அதனால்தான் கறுப்புப் பின்னணியில் போடும் மெல்லிய வெள்ளைக் கோடும் எழுத்தும் ஆபத்தானவை. வெப்பத்தில் சுற்றியுள்ள சாயம் உள்ளே பரவி அவற்றை மூடிவிடும். வெள்ளைக் கோடு 0.5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

தங்கம் வேண்டியே தீரும் என்பவர்கள் தங்க நிற மெல்லிய உலோகத் தாளை மேலே அழுத்திப் பதிக்கும் பிளாஸ்டிக், களிமண் சிப்பைப் பார்க்கலாம். அந்தத் தங்கம் விரல் பட்டுப் பட்டுத் தேயும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் போடலாமா?

தாராளமாக. ௨௫, ௱, ௫௱, ௲, ௫௲ என்று ஐந்து மதிப்புக்கும் தமிழ் எண் உண்டு, சிப்பில் பார்க்க மிக அழகாகவும் இருக்கும். ஆனால் மேசையில் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பதால் நடுவில் 25, 100 என்ற எண்ணை 8 மி.மீ. உயரத்தில் பெரிதாகப் போட்டு, தமிழ் எண்ணைச் சுற்று வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் வையுங்கள்.

தொழிற்சாலைக்குப் போகும் கோப்பில்தான் தமிழ் உடையும். அங்கே உங்கள் எழுத்துரு இருக்காது. கோப்பைத் திறந்ததும் "கொ" என்பது மூன்று துண்டாகச் சிதறிவிடும். தமிழ் தெரியாதவர் அதைப் பிழை என்று கண்டுபிடிக்க மாட்டார், அப்படியே அச்சாகிவிடும். எழுத்து எல்லாவற்றையும் எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக (அவுட்லைன்) மாற்றிய பிறகே அனுப்புங்கள். வட்டமாக வளைத்து எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இந்திய மொழி வசதியை எழுத்து அமைப்பில் முதலில் இயக்காவிட்டால் "கே"யின் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருளில் தமிழ் பொதுவாகச் சரியாகவே வரும்.

எழுத்தின் உயரம் 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் "ண", "இ", "ஞ" போன்றவற்றின் சுழிகள் அடைபடும். தடித்த எழுத்துருவை விட நடுத்தரத் தடிமன் நல்லது.

என்ன படம் பொருந்தும்?

சிப் வட்டம், அது எந்தப் பக்கம் திரும்பி விழும் என்று சொல்ல முடியாது. தலை, கால் உள்ள படத்தை விட எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும் வடிவமே சிறப்பு. கோலத்தை இதற்காகவே பிறந்தது என்று சொல்லலாம். 1-3-5-3-1 புள்ளிச் சிக்குக் கோலம், புள்ளிகளுக்கு இடையே 5 மி.மீ. வைத்தால், 25 மி.மீ. நடு வட்டத்துக்குள் சரியாக அடங்கும். கோடு 0.5 மி.மீ. இருக்கட்டும். ஏழு புள்ளிக்குப் போனால் இடைவெளி 3.5 மி.மீ. ஆகி, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கோலத்தை நடுவில் வைத்தால் எண்ணை வளையத்துக்கு நகர்த்தி நான்கு இடத்தில் போட வேண்டும். மதிப்புக்கு ஒரு கோலம் என்று ஐந்து கோலம் வைப்பதும் நன்றாக இருக்கும். ஜார்ஜ்டவுன் பழைய கடை வீடுகளின் பூ ஓடுகள், பினாங்குக்குப் பெயர் தந்த பாக்குக் குலை ஆகியவையும் நல்ல தொடக்கம்.

சாமி படம் வேண்டாம். சிப் கீழே விழும், காலில் மிதிபடும், எண்ணெய்க் கை படும். நாட்டுச் சின்னத்தையும் கொடியையும் போடாதீர்கள், அவற்றை விருப்பம்போல் பயன்படுத்துவதைத் தடுக்க 1963-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உள்ளது. இருக்கிற கேசினோவின் பெயர், சின்னம் எதையும் தழுவவும் வேண்டாம்.

'ரி.ம.' என்று போடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

போடாதீர்கள். மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சூதாட்டத்துக்காக இடம் நடத்துபவரையும் அங்கே ஆடுபவரையும் அது குற்றவாளியாக்குகிறது. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் பணம் கைமாறாத புள்ளி ஆட்டத்துக்கு மட்டும்தான். சிப்பிலும் அது தெரியட்டும்: நாணயக் குறி இல்லாத வெறும் எண், வீட்டின் அல்லது குழுவின் பெயர், வேண்டுமானால் ஆண்டு. முஸ்லிம் நண்பர் நடத்தும் அச்சகத்தில் மாதிரி எடுக்கப் போனால், இன்ன வேலை என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். அவர் மறுத்தால் வருத்தப்படாமல் வேறு இடம் பார்ப்பதே மரியாதை.

கோப்பு எந்த அளவில் இருக்க வேண்டும்?

முகம் 39 மி.மீ., வெட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் 2 மி.மீ. நீட்டி 43 மி.மீ. வட்டமாக வரையுங்கள். முக்கியமான எழுத்தும் எண்ணும் 35 மி.மீ.க்குள் அடங்கட்டும். அச்சு அரை மி.மீ. நகர்வது சகஜம், விளிம்பை ஒட்டி மெல்லிய வட்டக் கோடு போட்டால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் காணாமலும் போகும். வரைகோட்டுப் பிடிஎஃப் கோப்பே சிறந்தது. படமாகக் கொடுத்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), அதாவது 43 மி.மீ.க்கு 1016 புள்ளி. ஓரத்துக்குத் தனிக் கோப்பு: 122.5 மி.மீ. நீளம், 3.3 மி.மீ. உயரம். நிறத்தை அச்சுக்கு உரிய நான்கு மை முறையான சிஎம்ஒய்கே முறையில் வையுங்கள்.

மாதிரி வாங்காமல் நேராக ஆர்டர் செய்யலாமா?

வேண்டாம். மதிப்புக்கு நான்கைந்து மாதிரி கேளுங்கள். கருநீலம் ஊதாவாக மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெப்ப அச்சில் அது வழக்கம். பிறகு மாதிரிகளை அடுக்கி மேல் சிப்பைச் சுண்டுங்கள். பம்பரமாகச் சுற்றினால் நடுப்பகுதி உப்பியிருக்கிறது என்று பொருள், அந்த அடுக்கு ஆட்டத்தில் நிற்காது. ஒன்றைப் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவி, கழுவாததோடு ஒப்பிடுங்கள்.

மொத்த சரக்கு வந்ததும் தட்டில் போட்டு எண்ணுங்கள். தடிமன் சரியாக இருந்தால் இருபதும் வரிசைக்குள் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு ஆண்டு கழித்துக் கூடுதலாக வாங்கினால் நிறம் சற்று மாறித்தான் வரும். உதிரியை முதலிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னது அதற்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி உண்டா?

2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுவார். 500-ஐத் தாண்டினால் சுங்கத்தில் தனியாகக் கணக்குப் பார்ப்பார்கள், கூரியர் நிறுவனம் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். பில்லில் பொருளின் உண்மையான விவரம், எண்ணிக்கை, எடை, விலை எல்லாம் இருக்கட்டும். மறைத்து எழுதினால் பெட்டி சுங்கத்திலேயே தங்கிவிடும்.

இவ்வளவு செலவு முடியாது. உள்ளூரிலேயே செய்ய வழி?

பள்ளம் வைத்த பிளாஸ்டிக் சிப் வாங்கி, ஒட்டுத்தாளை பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கல்யாண அட்டை அச்சிடும் கடையில் கேட்டுச் செய்யலாம். பள்ளத்தின் விட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள். 25 மி.மீ. என்றால் தாளை 24.5-க்கு வெட்டச் சொல்லுங்கள். (இப்போது புழங்கும் ஐம்பது சென் நாணயம் 22.65 மி.மீ., தாள் அதைவிடச் சற்றுப் பெரிது.) பள்ளத்துக்குச் சரிசமமாக வெட்டினால் விளிம்பு மேலேறி நகத்தில் மாட்டும். தாள் ஒட்டு வேண்டாம், வினைல் ஒட்டின் மேல் மங்கலான லேமினேட் போடுங்கள். பளபளப்பான லேமினேட் வழுக்கும், விளக்கு வெளிச்சத்தில் எண்ணையும் மறைக்கும். ஒட்டும் முன் பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள், வார்ப்பு அச்சின் பிசுக்கு இருந்தால் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். 300 சிப் என்றால் இரண்டு பக்கத்துக்கும் 600 ஒட்டு, கெட்டுப்போவதற்கு இன்னும் 30 சேருங்கள்.

நம் ஊர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

நுரை வைத்த அலுமினியப் பெட்டியும் தோல் போன்ற உறையும் நம் ஈரக் காற்றில் பிசுபிசுத்து உதிரும். அந்தப் பிசுக்கு சிப்பில் ஏறினால் எடுப்பது கடினம். மூடியுள்ள அக்ரிலிக் தட்டு போதும், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

சிப்பைக் கெடுப்பது ஈரத்தை விட முறுக்கும் பக்கோடாவும்தான். தின்பண்டத்தைத் தனி மேசையில் வைத்து, பக்கத்தில் ஈரத் துண்டு போடுங்கள். செராமிக் சிப்பை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, துணியில் பரப்பி முழுவதும் காய்ந்த பிறகே அடுக்குங்கள். ஒட்டுத்தாள் சிப்பை நீரில் ஊறவிடக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். களிமண் சிப்பை ஒவ்வொன்றாகச் சட்டென்று கழுவித் துடைத்து, வெளிறினால் மினரல் எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் எந்த வகைக்கும் ஆகாது. பிளாஸ்டிக்கின் மேல் தோலையே கரைத்துவிடும்.